அழைப்பு மணிக்கு இடையில் படித்தவர்கள்

மதுரையில் ஓர் ஆண்டு எப்படி நகர்கிறது என்பதை அறிய, தீயணைப்பு நிலையத்தின் பணிப் பட்டியலைப் பார்த்தால் போதும். தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கும் மறுநாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டுப் பாதுகாப்பு. மாசி, பங்குனியில் வெயில் ஏற ஏற வைக்கோல் போர்களும் கரும்புத் தோட்டங்களும் நாகமலைச் சரிவின் காய்ந்த புல்லும் பற்றிக்கொள்ளும். சித்திரையில் மீனாட்சி கல்யாணம், தேரோட்டம், அழகர் ஆற்றில் இறங்கும் நாள். ஐப்பசியில் தீபாவளி. கார்த்திகையில் திருப்பரங்குன்றத்துத் தீபம், மழை வலுத்தால் வைகைக் கரை. இவற்றுக்கு நடுவே உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கமலைக் கிணறுகளில் மாடு விழுவதும், வீட்டுக்குள் பாம்பு புகுவதும் எந்த மாதத்துக்கும் கட்டுப்பட்டவை அல்ல.

அரசு ஊழியர்களுக்கான துறைத் தேர்வுகளைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது: மே மாதம் ஒன்று, டிசம்பர் மாதம் ஒன்று. சித்திரைத் திருவிழாவின் களைப்பு ஆறுவதற்குள் ஒன்று. தீபாவளி முடிந்து வடகிழக்குப் பருவமழை ஓய்வதற்குள் மற்றொன்று. கச்சேரியில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பவருக்கு இந்த மாதங்கள் மற்ற மாதங்களைப் போன்றவைதான். நிலையத்தில் பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்பவருக்கு அப்படி இல்லை. தேர்வு எழுதி மேலே வரும் முறையைத் தமிழ்நாடு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் கட்டி வளர்த்திருக்கிறது. அந்த முறை, நாள் முழுவதும் தன் கையில் இருக்கும் மனிதரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. மணி அடித்தால் எழுந்து ஓட வேண்டியவர் அந்த முறைக்குள் தனக்கு இடம் தேடிக்கொண்ட வரலாறு தனியானது. அதில் மதுரைக்கு நல்ல பங்கு உண்டு.

தீயணைப்பு என்பது சம்பளம் வாங்கும் தொழிலாக நம் பக்கம் வந்து அதிக காலம் ஆகவில்லை. சென்னையில் தீயணைப்புப் படை 1908-இல் அமைந்தது. மதுரைக்கு அதற்கு முன்பே, 1866-இலேயே நகராட்சி வந்துவிட்டது; அதற்கும் கால் நூற்றாண்டுக்கு முன் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து வெளி வீதிகளை உண்டாக்கியிருந்தார். அவர் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண். கோட்டை போனது, உள்ளே இருந்த நகரத்தின் நெருக்கம் போகவில்லை. மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடையிலுள்ள சந்துகளில் இன்றும் தண்ணீர் வண்டி திரும்புவதற்குள் ஓட்டுநருக்கு வேர்த்துவிடும். இந்தச் சந்துகளைத் தெரிந்து வைத்திருப்பது மதுரைத் தீயணைப்பு வீரருக்கு முதல் பாடம். அதை எந்தத் தேர்வும் கேட்பதில்லை.

இந்தத் தொழிலுக்குப் படிப்பு வேண்டும் என்ற எண்ணம் ஸ்காட்லாந்திலிருந்து தொடங்குகிறது. 1824-இல் எடின்பரோவின் படைக்குத் தலைவரான ஜேம்ஸ் பிரெய்ட்வுட் தம் ஆட்களை அதிகாலை இருட்டில் எழுப்பிப் பயிற்சி கொடுத்தார். தெருவில் கூட்டம் இருக்காது, இருளும் பழகும் என்பது அவர் கணக்கு. 1830-இல் தீயணைப்புக் கருவிகளையும் வீரர்களின் பயிற்சியையும் பற்றி ஒரு நூலே எழுதினார். பின்னர் லண்டன் படைக்குத் தலைமை ஏற்ற அவர், 1861-இல் டூலி தெருத் தீயில் சுவர் இடிந்து விழுந்து இறந்தார். அந்த லண்டனில் 1920 வரை வீரர்கள் ஓய்வு முறை இல்லாமல் தொடர் பணியில்தான் இருந்தார்கள், நிலையமே வீடு. இரண்டு ஷிஃப்ட் முறை வந்த பிறகுதான் அவர்களுக்குத் 'தன் நேரம்' என்று ஒன்று கிடைத்தது. புத்தகம் படித்துப் பதவி உயர்வு பெறும் வழக்கம் அங்கே வேர் விட்டதற்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பு இருப்பதாகத்தான் தோன்றுகிறது. ஓய்வு நாள் என்ற ஒன்றே இல்லாதவரிடம் பாடத்திட்டத்தைக் கொடுத்து என்ன பயன்?

இரண்டாம் உலகப் போர் இந்தியாவில் இந்தத் தொழிலைப் புரட்டிப்போட்டது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல் வெடித்தது. அணைக்கப் போனவர்களில் 66 தீயணைப்பு வீரர்கள் அங்கேயே மாண்டார்கள். கப்பலில் பஞ்சு மூட்டைகளோடு வெடிமருந்தும் ஏற்றப்பட்டிருந்தது. ஒரே கப்பலில் எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்ற அறிவு எவ்வளவு பெரிய உயிர்க்காப்பு என்பதை அந்த நாள் நாட்டுக்குக் காட்டியது. அதன் நினைவாகவே ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத் தொண்டு வாரம் கொண்டாடப்படுகிறது. மதுரையில் அது சித்திரை முதல் நாளில் தொடங்குகிறது என்பதால், பள்ளிகளிலும் சந்தைகளிலும் செயல்விளக்கம் காட்டும் வேலையும் திருவிழாப் பணியோடு சேர்ந்துகொள்ளும்.

போருக்குப் பிறகு 1956-இல் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி தொடங்கி, மறு ஆண்டே நாக்பூருக்கு இடம் மாறியது. நீரியல், வேதியியல், கட்டடக் கட்டுமானம், மின்சாரம் என்று தீயணைப்பு ஒரு படிப்பாக உருவெடுத்தது. பிரிட்டிஷ் அரசு 1940-களில் வெளியிடத் தொடங்கிய தீயணைப்புக் கையேட்டுத் தொகுதிகள் இந்திய நிலையங்களிலும் நடமாடின. ஹோஸில் எத்தனை அடிக்கு எவ்வளவு அழுத்தம் குறையும் என்று கணக்குப் போடுவது, எட்டாம் வகுப்பில் கணக்கைக் கண்டு பயந்தோடிய ஒருவருக்கு முப்பத்தைந்து வயதில் திரும்பி வந்தது.

இன்னொரு பக்கம் தேர்வு என்னும் ஏணி வளர்ந்துகொண்டிருந்தது. இந்திய மாகாணங்களில் முதன்முதலாகப் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது சென்னை மாகாணத்தில், 1929-இல். சாதியும் சிபாரிசும் ஆண்ட இடத்தில் மதிப்பெண் வந்து உட்கார்ந்தது சிறிய மாற்றம் அல்ல. துறைத் தேர்வுகளில் பல தாள்களைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். விதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, எந்த விதி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்ற நல்ல யோசனை அது. ஆனால் புத்தகத்தில் பக்கம் தேடும் பழக்கம் மேசையில் உட்கார்ந்து வளர்வது. தினமும் கையேட்டைப் புரட்டும் அலுவலக உதவியாளருக்கு இயல்பாக வருகிற அந்தத் திறன், ஏணியிலும் கயிற்றிலும் கை காய்த்துப்போனவருக்குத் தனியாகச் சம்பாதிக்க வேண்டியதாக இருந்தது.

இங்கேதான் மதுரை வருகிறது. கல்லூரி வாசலை மிதிக்காமல் தேர்வு எழுதித் தேறுவது இந்த ஊருக்குப் பழைய பழக்கம். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படிப்படியாகத் தேர்வுகள் நடத்தியது. வேலை பார்த்துக்கொண்டே, வீட்டுத் திண்ணையில் ஆசிரியர் ஒருவரிடம் பாடம் கேட்டுத் தேறிய பலருக்கு அந்தச் சான்றிதழ்தான் தமிழாசிரியர் வேலைக்கு வழி திறந்தது. வயதையோ வருகைப் பதிவையோ கேட்காமல், தெரிந்ததை மட்டும் கேட்ட தேர்வுகள் அவை.

1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. நாகமலைக்கு அடிவாரத்தில் பல்கலை நகர் எழுந்தது. 1971-இல் அது அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியபோது, இந்தியாவில் அந்த முறைக்கு வயது ஒன்பதுதான்; டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டில் அண்ணாமலையும் சென்னையும் பின்னால்தான் வந்தன. அதே 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக வந்தவர் மு. வரதராசன். இது தற்செயல்தான். ஆனாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டிய பொருத்தம். மு.வ. திருப்பத்தூர்த் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். உடல்நலம் கெட்டு அந்த வேலையை விட்டு, தாமாகவே தமிழ் படித்து, 1935-இல் வித்துவான் தேர்வில் மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறி, திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசைப் பெற்றவர். வகுப்பறைக்கு வெளியே படிப்பதன் கஷ்டம் தெரிந்த ஒருவர், வகுப்பறைக்கு வெளியே படிக்க விரும்பும் ஆயிரக்கணக்கானோருக்குப் பாடம் அனுப்பும் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 1974-இல் மறையும் வரை இருந்தார்.

அஞ்சல் வழிப் படிப்பு என்பது காகித உறையில் வரும் பாடக் கட்டு. ஆண்டுக்குச் சில நாள் நேர்முக வகுப்பு, பிறகு தேர்வு. காவலர், பேருந்து நடத்துநர், மின்வாரிய ஊழியர், மில் தொழிலாளி, சத்துணவு அமைப்பாளர், கல்யாணத்தோடு படிப்பை விட்ட பெண்கள் என்று தென் மாவட்டங்களில் அதன் வழியாகப் பட்டம் வாங்கியவர்கள் இல்லாத தெரு குறைவு. 'கரஸில் படிக்கிறேன்' என்பது எல்லாருக்கும் புரிகிற வாசகம் ஆயிற்று. தீயணைப்பு நிலையத்துக்கு இந்த முறை இயல்பாகவே பொருந்தியது. பாடக் கட்டு பெட்டியில் இருக்கும். மணி அடித்தால் மூடி வைக்கலாம், திரும்பி வந்து திறக்கலாம். பேராசிரியர் காத்திருக்க மாட்டார், காகிதம் காத்திருக்கும்.

இந்த வழி ஓர் இடத்தில் அடைபட்டது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்காதவர்களும் வயதின் அடிப்படையில் நேராகப் பட்டப் படிப்பில் சேரத் திறந்தநிலைப் பல்கலைக்கழக முறை இடம் கொடுத்தது; பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிய மதுரைப் பல்கலைக்கழகமும் அந்த முறையை நடத்தியது. 2009 ஆகஸ்ட் 18 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட அரசாணை எண் 107, பள்ளிப் படிப்பை முறையாக முடிக்காமல் பெற்ற அத்தகைய பட்டங்கள் அரசுப் பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்றது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் இதே போக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. கல்வியின் தரத்தைக் காக்க வரிசைமுறை வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதே நேரம், அரசே நடத்திய பல்கலைக்கழகத்தை நம்பிப் பணமும் இரவுகளும் செலவழித்த ஊழியர்களுக்கு அது பெரிய அநீதி. முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர்கள் தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பை முதலில் எழுதியிருப்பார்கள். படிக்கும் நேரத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்தவருக்கு, சேர்த்தது செல்லாது என்று சொல்வதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

சீருடைப் பணிகளுக்கென்று தனித் தேர்வு வாரியம் 1991-இல் அமைந்தது. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய பணிகளுக்குப் பொதுவாக ஆள் எடுக்கும் வாரியம் அது. அதற்கு மேலே உள்ள முக்கியமான படி நிலைய அலுவலர். 2023-இல் வந்த அறிவிக்கையில் காவல் உதவி ஆய்வாளர் இடங்கள் 621, நிலைய அலுவலர் இடங்கள் 129. கல்லூரியிலிருந்து நேராக வரும் இருபத்திரண்டு வயதுப் பட்டதாரி நிலைய அலுவலராக நுழையக்கூடிய பணி இது. அதற்கும் மேலே, மாவட்ட அலுவலர் பதவி குரூப் 1 தேர்விலேயே இருக்கிறது. மீனாட்சி விஜயகுமார், பிரியா ரவிச்சந்திரன் ஆகிய இருவரும் 2003-இல் அந்த வழியாக வந்து, நாட்டில் தீயணைப்பு அதிகாரிகளான முதல் பெண்களில் இடம் பெற்றார்கள். பிரியா 2012 ஜனவரியில் சென்னை எழிலகத் தீயில் பலத்த தீக்காயம் அடைந்தவர். அதே தீயில் நிலைய அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். தேர்வு எழுதி வந்தவர்கள் நாற்காலியில் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு அந்த இரவு பதில் சொல்லியது.

கீழ்ப்படியிலிருந்து ஏறுபவரின் சிக்கல் திறமையில் இல்லை. அவர் பல ஆண்டுகளாகத் தீயைப் பார்த்தவர். போட்டியாளரோ பயிற்சி மையத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தவர். அந்த எட்டு மணி நேரத்தை நிலையத்தில் எங்கிருந்து எடுப்பது?

நிலையத்தில் நேரம் பொதுவாக இல்லாமல் போவதில்லை, உடைந்து கிடக்கிறது. காலையில் ரோல் கால், டிரில், வண்டியின் எண்ணெயும் தண்ணீரும் பம்பும் சரிபார்ப்பு, தொட்டி நிரப்பல் என்று முற்பகல் போய்விடும். பிற்பகலிலும் இரவிலும் அழைப்பு வராத நேரம் உண்டு. அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட நேரத்துக்கு ஏற்ற பாடமும் உண்டு, ஏற்காத பாடமும் உண்டு. 1985-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டத்தின் ஒரு பிரிவு, பொது அறிவில் பத்துக் கேள்விகள், தீயின் வகைகளும் அவற்றுக்கான அணைப்பான்களும், இவற்றைக் கால் மணி நேரத்தில் படித்து மூடிவிடலாம். நீரியல் கணக்கும் உளவியல் தாளில் வரும் எண் தொடர்களும் அப்படி அல்ல. நடுவில் விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவற்றை ஓய்வு நாளுக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம். ஓய்வு நாளிலும் வீட்டில் அல்ல. வீட்டில் ரேஷன் கடை இருக்கிறது, பிள்ளையின் பள்ளி இருக்கிறது, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் இருக்கிறது. சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தின் மேசைகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தவர்கள் இதைத் தெரிந்தே வந்தவர்கள்.

துண்டு துண்டாகப் படிப்பது குறைபாடு என்றே பலர் நினைக்கிறார்கள். மனிதர் எப்படி மறக்கிறார் என்பதை முதன்முதலாக அளந்து பார்த்த ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது: ஒரே மூச்சில் படித்ததைவிட, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்ததே நினைவில் நிற்கும். அப்படியானால் அழைப்பு மணி நறுக்கித் தரும் நேரம் சட்டப் பிரிவுகளுக்கு உதவவே செய்யும். உண்மையான எதிரி தூக்கமின்மை. பின்னிரவில் ஒரு பஞ்சுக் கிட்டங்கித் தீயை அணைத்துவிட்டு வந்தவர், காலையில் வீட்டுக்குப் போய் உடனே புத்தகத்தைத் திறந்தால் வரிகள்தான் நகரும். மண்டையில் ஒன்றும் ஏறாது. முதலில் தூங்கி, பிற்பகலில் படிப்பவர் குறைந்த நேரத்தில் அதிகம் படிப்பார். குடும்பத்துக்கு இதைப் புரியவைப்பது கால அட்டவணை போடுவதைவிடக் கடினமான வேலை. பகலில் தூங்கும் ஆண்பிள்ளையைச் சோம்பேறி என்று பார்க்கும் கண்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கின்றன.

இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கும் பாடத்துக்கும் களத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு மதுரையே அண்மைக் காலத்தில் மூன்று முறை பதில் சொல்லியிருக்கிறது.

2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி அம்மன் கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் தீப்பிடித்தது. நூற்றாண்டுகள் பழைய கல் தூண்கள் சூட்டில் வெடித்து விரிசல் விட்டன. கருங்கல் எரியாது, ஆனால் தீயில் உடையும். கட்டுமானப் பொருள்கள் வெப்பத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்ற பாடம் கோயில் நகரத்துக்குத்தான் மற்ற ஊர்களைவிட அதிகம் தேவை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து, லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்களில் ஒன்பது பேர் இறந்தார்கள். பெட்டிக்குள் சமையல் எரிவாயு உருளை இருந்தது. மூடிய இடமும் வாயுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது எந்தத் தீயணைப்புப் பாடத்திட்டத்திலும் முதல் சில பக்கங்களில் வருவது.

இவை இரண்டுக்கும் நடுவே 2020 நவம்பர் 14, தீபாவளி விடியற்காலை. விளக்குத்தூண் பகுதியில் பழைய கட்டடம் ஒன்றில் இருந்த ஜவுளிக் கடையில் தீ. அணைத்துக்கொண்டிருந்தபோதே கட்டடம் இடிந்து விழுந்து தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். பிரெய்ட்வுட்டைக் கொன்ற அதே காரணம், 159 ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த இருவரின் மரணத்தைப் படிப்புக் குறைவோடு யாரும் முடிச்சுப் போடக் கூடாது. உள்ளே ஆள் இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை வீரர் உள்ளே போகத்தான் செய்வார். ஆனால் எந்தச் சுவர் எவ்வளவு நேரம் தாங்கும், எப்போது ஆட்களைப் பின்வாங்கச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுப்பது நிலைய அலுவலரின் வேலை. அந்த முடிவை எடுக்கும் நாற்காலிக்கு, இந்தச் சந்துகளில் பத்து ஆண்டு ஹோஸ் பிடித்தவர் படித்தும் வருவது ஊருக்கு நல்லது.

2023 ஜூலை 15 அன்று புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கென்று தனி இடம் உள்ள பெரிய நூலகம் அது. தல்லாகுளம் நிலையத்திலிருந்து வண்டியில் போனால் அதிக நேரம் ஆகாது. புத்தகமும் மேசையும் மின்விசிறியும் இப்போது இருக்கின்றன. மிச்சம் இருப்பது பணிப் பட்டியல். தேர்வு எழுதுபவர் தம் முறையை இன்னொருவரோடு மாற்றிக்கொள்வது பெரும்பாலும் நட்பின் பேரில் நடக்கிறது. நட்பு இல்லாத இடத்தில் நடப்பதில்லை. தேர்வுக்கு முந்தைய சில வாரங்களுக்காவது அந்த மாற்றத்தை எழுத்தில் உரிமையாகத் தருவதும், சீருடைப் பணியாளரின் தேர்வு நாளைக் குறிக்கும்போது சித்திரைத் திருவிழாவின் தேதியையும் தீபாவளியின் தேதியையும் ஒரு முறை பார்த்துவிட்டுக் குறிப்பதும் அரசுக்குப் பணம் செலவாகாத காரியங்கள். நிலையத்திலேயே, வண்டி நிற்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் கதவு உள்ள ஓர் அறையும், அதில் புதிய பாடத்திட்டத்துக்கான நூல்களும் வைத்தால், உசிலம்பட்டியிலும் மேலூரிலும் பணிபுரிபவர் நத்தம் சாலை வரை வர வேண்டியிராது.